முதல் கேமிங் கணினிக்கு எந்த டிரைவ்?

அக்கா மகன் கணினி வாங்கப் பட்டியல் போட்டுக்கொண்டு வந்தான். கல்லூரியில் முதலாண்டு. பகுதிநேர வேலையில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். கிராபிக்ஸ் கார்டுக்கு நேராக மூன்று மாடல்களை எழுதி, இரண்டை அடித்து, ஒன்றை வட்டமிட்டிருந்தான். பிராசசருக்கும் அதே அக்கறை. சேமிப்பகம் என்ற வரியில் மட்டும் எழுத்து கோணலாக இருந்தது, யாரோ போனில் சொன்னதை அவசரமாகக் குறித்துக்கொண்டது போல: "விண்டோஸுக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி, விளையாட்டுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க்."

"இதை யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தான் மாமா சொல்கிறார்கள்."

எல்லாரும் சொன்னார்கள் என்பது உண்மை. நானும் ஒரு காலத்தில் அதையே பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன். சுழலும் பாகம் இல்லாமல் சிப்களிலேயே தகவலை வைக்கும் எஸ்எஸ்டியின் விலை கையைக் கடித்த நாட்களில் அது நல்ல யோசனைதான். இப்போது முதல் முறையாகக் கணினி சேர்ப்பவருக்கு நான் சொல்வது வேறு. ஒரே டிரைவ் போதும், 1 டிபி, என்விஎம்இ (எஸ்எஸ்டியில் வேகமான வகை), அதிலும் வேகம் நடுத்தரமாக இருந்தால் போதும். மிச்சமாகும் பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். இதற்கு விலக்குகளும் உண்டு. அவற்றைச் சொல்வதற்கு முன், பழைய யோசனை எங்கே தோற்கிறது என்று பார்த்துவிடலாம்.

சுழலும் தட்டும் அலையும் கையும்

ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கண்ணாடி போல் பளபளக்கும் தட்டு, அதன் மேல் நகரும் ஒரு மெல்லிய கை. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய தகவல் கையின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் கை சரியான தடத்துக்கு நகர இன்னும் எட்டு, ஒன்பது மில்லி வினாடி. ஆக ஒவ்வொரு தாவலுக்கும் ஏறக்குறைய 12 மில்லி வினாடி. எஸ்எஸ்டியில் கையும் இல்லை, தட்டும் இல்லை. அதே வேலை 0.1 மில்லி வினாடியில், பல சமயம் அதற்கும் குறைவாக, முடிந்துவிடுகிறது.

கேட்க இரண்டுமே கண்சிமிட்டும் நேரம்தான். ஆனால் ஒரு விளையாட்டு திறக்கும்போது டிரைவில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் 10,000 துண்டுகளைப் பொறுக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுக்கினால் ஹார்ட் டிஸ்க்குக்கு இரண்டு நிமிடம். எஸ்எஸ்டிக்கு ஒரு வினாடி. பெரிய கோப்பு ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை நேராகப் படிப்பதில் ஹார்ட் டிஸ்க் அவ்வளவு மோசமில்லை; வினாடிக்கு 150, 200 எம்பி கொடுக்கும். அதனால்தான் படம் பார்க்கும்போது அதன் குறை தெரிவதில்லை. திறந்த உலக விளையாட்டில் குதிரையை விரட்டிக்கொண்டு ஊருக்குள் நுழையும்போது தெரியும். வீடுகள் முதலில் களிமண் உருண்டைகளாக நிற்கும். நாம் கடந்துபோன பிறகு அவற்றுக்குக் கதவும் ஜன்னலும் முளைக்கும்.

இங்கே ஒரு பொய்யான நம்பிக்கையையும் உடைத்துவிட வேண்டும். எஸ்எஸ்டி போட்டால் ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது திரை வினாடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்பது, கூடிவிடாது. அது கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் பார்த்துக்கொள்ளும் வேலை. எஸ்எஸ்டி குறைப்பது காத்திருப்பையும், நடுவழியில் திரை ஒரு நொடி உறைந்து நிற்கும் எரிச்சலையும்தான்.

2020 இறுதியில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டுமே எஸ்எஸ்டியோடுதான் வந்தன. அதன்பின் விளையாட்டு செய்பவர்கள் ஹார்ட் டிஸ்க்குக்காக வளைந்துகொடுக்க வேண்டிய அவசியம் குறைந்துபோனது. 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்ட் தன் குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டியைக் கேட்கிறது. சைபர்பங்க் 2077 முதலில் ஹார்ட் டிஸ்க்கை ஏற்றுக்கொண்டது. 2023இல் அந்த வரியை மாற்றி எஸ்எஸ்டி என்று எழுதிவிட்டார்கள். பால்டர்ஸ் கேட் 3க்கு 150 ஜிபி இடமும் எஸ்எஸ்டியும் வேண்டும். அதாவது, "விண்டோஸுக்கு எஸ்எஸ்டி, விளையாட்டுக்கு ஹார்ட் டிஸ்க்" என்ற பழைய ஏற்பாட்டில் எது யாருக்கு வேண்டுமோ அது அவரிடம் இல்லை.

அந்த 240 ஜிபி

சின்ன எஸ்எஸ்டியிலேயே விளையாட்டையும் போட்டுக்கொண்டால்? ஒரு நண்பரின் மகள் அப்படித்தான் செய்தாள். பெட்டியில் 240 ஜிபி என்று எழுதியிருக்கும். விண்டோஸ் அதை 223 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. 1 டிபி என்பது 931 ஆவதும் இதே கணக்குதான். அந்த 223இல் விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் இதர மென்பொருள்களும் ஐம்பது போல எடுத்துக்கொண்டன. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேட்கும் இடம் 150 ஜிபி. அதை இறக்கி முடித்தபோது விண்டோஸில் டிரைவுக்குக் கீழே இருக்கும் நீலப் பட்டை சிவப்பாகிவிட்டது. அடுத்த விளையாட்டுக்கு முந்தையதை அழிக்க வேண்டும். திரும்ப வேண்டுமென்றால் திரும்ப இறக்க வேண்டும். ஒரு விடுமுறை முழுவதும் அவள் விளையாடிய நேரத்தைவிட இறக்கிய நேரம் அதிகம்.

நிரம்பி வழியும் எஸ்எஸ்டிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எழுதும் வேகம் படுத்துவிடும். பத்து, பதினைந்து சதவீதமாவது காலியாக விட்டுவைப்பது நல்லது. இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் 240 என்பது விளையாட்டுக் கணினிக்கான அளவே இல்லை. 500 ஜிபி போதுமா என்று கேட்டால், ஒரே சமயத்தில் இரண்டு பெரிய விளையாட்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதவருக்குப் போதும். போட்டி விளையாட்டு ஒன்றையே வருடக்கணக்கில் ஆடுகிறவர்களுக்குத் தாராளம். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 கேட்பது 85 ஜிபிதான். ஆனால் 500க்கும் 1000க்கும் உள்ள விலை வித்தியாசம் பொதுவாக இரட்டிப்பு ஆகாது. ஒரு ஜிபிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் 1 டிபியே மலிவாக வரும்.

சாட்டாவா, என்விஎம்இயா

எஸ்எஸ்டி என்று முடிவான பிறகு அடுத்த குழப்பம் இது. சாட்டா எஸ்எஸ்டி வழக்கமாக இரண்டரை அங்குல அட்டை மாதிரி இருக்கும். ஒரு கேபிள் மதர்போர்டுக்கு, இன்னொன்று மின்சாரத்துக்கு. சாட்டா இணைப்பின் உச்சமே வினாடிக்கு 600 எம்பி என்பதால் நடைமுறையில் 550க்கு மேல் போகாது. என்விஎம்இ டிரைவ் சூயிங்கம் பட்டை அளவுள்ள குச்சி: 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், அதனால்தான் 2280 என்ற எண். மதர்போர்டிலேயே நேராகச் செருகி ஒரு திருகாணி போட்டுவிடலாம். அது பயன்படுத்தும் பிசிஐஇ என்ற இணைப்பு மூன்றாம் தலைமுறை என்றால் வினாடிக்கு 3500 எம்பி, நான்காம் தலைமுறை என்றால் 7000, ஐந்தாம் தலைமுறையில் பத்தாயிரத்தைத் தாண்டிய எண்கள்.

550 எங்கே, 7000 எங்கே! பெட்டியில் எழுதிய எண்ணைப் பார்த்தால் பதின்மூன்று மடங்கு. விளையாட்டு திறக்கும் நேரத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஓரிரு வினாடி. நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் காரணம் எளிது. டிரைவிலிருந்து வருவது சுருக்கி வைத்த தகவல். அதை விரித்து, அடுக்கி, உலகத்தைக் கட்டி எழுப்புவது பிராசசரின் வேலை. பரிமாறுகிறவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சமையல் முடிந்தால்தான் இலைக்குச் சோறு வரும். விரிக்கும் வேலையைக் கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றவும் வழி தரும் டைரக்ட் ஸ்டோரேஜ் என்ற ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2022இல் கணினிக்கும் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் ஃபோர்ஸ்போக்கன் என்ற விளையாட்டு டைரக்ட் ஸ்டோரேஜைப் பயன்படுத்தியது. அதன்பின் வந்தவை இன்னும் சொற்பம்தான். அதை நம்பி இன்றே விலையுயர்ந்த டிரைவ் வாங்குவது, பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பணமும் கட்டுவது போல.

அப்படியானால் சாட்டாவே போதுமே என்று நீங்கள் கேட்கலாம். விலை கணிசமாகக் குறைந்தால் போதும். ஆனால் மலிவு விலை வரிசையில் இரண்டும் இப்போது பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. அதோடு யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. எஸ்எஸ்டிக்குள் எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம் உண்டு. நல்ல டிரைவில் அதை வைத்துக்கொள்ள டிராம் என்ற தனி நினைவகச் சிப் இருக்கும். விலையைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது அந்தச் சிப்தான். சிப் இல்லாத என்விஎம்இ டிரைவ் கணினியின் ராமிலிருந்து கொஞ்சம் இடத்தைக் கடன் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும். சாட்டாவில் அந்த வசதி கிடையாது. ஆகவே டிராம் இல்லாத என்விஎம்இ வாங்கலாம், தவறில்லை. டிராம் இல்லாத சாட்டாவை இரண்டாம் டிரைவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்டாவுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு: குச்சியைச் செருகும் எம்.2 ஸ்லாட்டே இல்லாத பழைய மதர்போர்டு. யாராவது கொடுத்த பழைய கணினியில் கிராபிக்ஸ் கார்டு மட்டும் சேர்த்து விளையாட நினைக்கிறவர்களுக்கு 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி புது உயிர் கொடுக்கும். அசையும் பாகம் எதுவும் உள்ளே இல்லாததால் மாட்ட இடமில்லை என்றால் இருபக்கப் பசை நாடாவால் பெட்டிக்குள் ஒட்டிவிடலாம். நான் ஒட்டியிருக்கிறேன், இன்னும் விழவில்லை.

எம்.2 என்பது ஸ்லாட்டின் வடிவம் மட்டுமே. அந்த வடிவத்தில் சாட்டா குச்சியும் வரும், என்விஎம்இ குச்சியும் வரும். இதை நான் கற்றுக்கொண்ட விதம் அவமானகரமானது. விற்றவர் "எம்.2தானே, எல்லாம் ஒன்றுதான்" என்றார், நானும் தலையாட்டினேன். குச்சி ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. திருகாணியும் போட்டாயிற்று. கணினி மட்டும் அப்படி ஒரு பொருள் இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஸ்லாட் என்விஎம்இயை மட்டுமே ஏற்கும் என்று மதர்போர்டுக் கையேட்டின் நடுப்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. தங்கநிற விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் அது சாட்டாவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. உறுதியாகத் தெரிய பெட்டியில் என்விஎம்இ என்ற சொல்லையே தேடுங்கள்.

எந்தத் தலைமுறை, எந்த ரகம்

மூன்றாம் தலைமுறையா நான்காம் தலைமுறையா என்பதை டிரைவ் தனியாகத் தீர்மானிப்பதில்லை. மதர்போர்டும் பிராசசரும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மலிவுக் கணினிகளில் பலர் போடும் ரைசன் 5 5500, ரைசன் 5 5600ஜி பிராசசர்கள் இரண்டுமே பிசிஐஇ மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடும். மதர்போர்டுப் பெட்டியில் நான்காம் தலைமுறை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் பயனில்லை. 7000 எம்பி டிரைவை அதில் செருகினால் ஓடும், 3500இல் ஓடும். இரண்டு தலைமுறையும் ஒரே விலையில் கிடைத்தால் நான்காவதை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் பிராசசர் மாறினால் உதவும். அதற்கென்று கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஐந்தாம் தலைமுறையைப் பற்றி இந்தப் பட்ஜெட்டில் பேச்சே வேண்டாம். அது கொதிக்கும் சூட்டை ஆற்ற வைக்கும் உலோகத் தகட்டுக்கே தனிச் செலவு.

டிஎல்சி, க்யூஎல்சி என்ற ரகங்கள்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியவை. எஸ்எஸ்டிக்குள் தகவல் தங்கும் சிற்றறையான ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் வைப்பது க்யூஎல்சி. மூன்று பிட்டுக்கு எட்டு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், நான்குக்குப் பதினாறு. நெருக்கம் கூடக் கூட எழுதுவது மெதுவாகும், தேய்மானமும் கூடும். "க்யூஎல்சி சீக்கிரம் செத்துவிடும்" என்று பயமுறுத்துகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. 1 டிபி க்யூஎல்சி டிரைவ்களில் 200 டிபி எழுதும் வரை உத்தரவாதம் என்பது பல காலமாகப் பார்த்த எண். தினமும் 50 ஜிபி எழுதினாலும் 4000 நாள்; பதினொரு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. அதே அளவு டிஎல்சிக்கு 600 டிபி என்று போட்டிருப்பார்கள், அது முப்பது வருடத்தைத் தாண்டும். அதற்குள் கணினியே அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும்.

க்யூஎல்சியின் உண்மையான குறை வேறு. வேகத்துக்கென ஒதுக்கிய தற்காலிக இடத்தில் சில பத்து ஜிபி வரை சுறுசுறுப்பாக எழுதும். அந்த இடம் நிரம்பியதும் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். ஒருமுறை இன்னொரு எஸ்எஸ்டியிலிருந்து 130 ஜிபி விளையாட்டை க்யூஎல்சி டிரைவுக்கு நகர்த்தினேன். விண்டோஸ் காட்டும் பச்சை வரைபடம் மலை உச்சி போல நிமிர்ந்து நின்றது. திடீரென்று பள்ளத்தில் விழுந்து 100 எம்பிக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஊர்ந்தது. ஹார்ட் டிஸ்க்கே தேவலை என்று தோன்றியது. ஆனால் யோசியுங்கள்: விளையாட்டு நம் வீட்டுக்கு இணையம் வழியாகத்தான் வருகிறது. எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்; ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பு வினாடிக்குக் கொடுப்பது 12.5 எம்பி மட்டுமே. களைத்துப்போன க்யூஎல்சிகூட அதை அலட்சியமாக எழுதிவிடும். ஆகவே விலை நன்றாகக் குறைந்தால் க்யூஎல்சியை வாங்குவதில் பாவமில்லை. வித்தியாசம் சொற்பம் என்றால் டிஎல்சி.

விளம்பரத்தில் 16 டிபி எஸ்எஸ்டி அடிமாட்டு விலைக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுங்கள். உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி, கணினிக்குப் பொய் அளவைச் சொல்லிக்கொடுத்த பெட்டிகள் அவை. உண்மையான இடம் நிரம்பியதும் பழைய தகவல் சத்தமில்லாமல் அழியும்.

ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டாம்

புதிதாக வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். வீட்டில் பழைய கணினி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் அதன் ஹார்ட் டிஸ்க் இலவசக் கிடங்கு. இணையம் மெதுவாக இருக்கும் வீட்டில் இதன் அருமை தெரியும். 120 ஜிபி விளையாட்டைத் திரும்ப இறக்க 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தால் கால் மணி நேரத்தில் எஸ்எஸ்டிக்கு வந்துவிடும். விளையாட்டுகளை வாங்கி இறக்கும் ஸ்டீம் மென்பொருளில் ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு விளையாட்டை நகர்த்தும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. பத்து வருடப் பழைய விளையாட்டுகளை ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே நேராக ஆடலாம். அவை அதற்காகவே எழுதப்பட்டவை.

பழைய டிஸ்க்கை நம்புவதற்கு முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, தட்டில் எத்தனை செக்டர்கள், அதாவது தகவல் தங்கும் சிறு பகுதிகள், கெட்டுப்போய் மாற்றப்பட்டன என்று சொல்லும். ஒரு வருடம் நிற்காமல் ஓடினால் 8760 மணி. மாற்றப்பட்ட செக்டர் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் புகைப்படங்களை அதில் வைக்காதீர்கள். போனால் திரும்ப இறக்கிக்கொள்ளக்கூடிய விளையாட்டை வைக்கலாம்.

அக்கா மகன் கடைசியில் 1 டிபி நான்காம் தலைமுறை டிஎல்சி டிரைவ் ஒன்றை வாங்கினான். மூன்றாம் தலைமுறையும் அதே விலைதான் இருந்தது. அப்பாவின் பழைய கணினியிலிருந்து ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றிக்கொண்டான். எல்லாவற்றையும் தானே மாட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரவு கூப்பிட்டான்.

"மாமா, ஹார்ட் டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்கிறது. ஆனால் திரையில் காணவில்லை."

"குச்சியை எந்த ஸ்லாட்டில் போட்டாய்? மேலேயா, கீழேயா?"

"கீழே. மேல் ஸ்லாட்டைக் கிராபிக்ஸ் கார்டு மறைக்கிறது."

பல மதர்போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் குச்சி ஏறினால் சாட்டா கேபிள் செருகும் இடங்களில் ஒன்றிரண்டு தாமாக அணைந்துவிடும், இரண்டுக்கும் பாதை பொது. அவன் கேபிளைச் செருகியிருந்தது அப்படிப்பட்ட ஒன்றில். மேல் ஸ்லாட் நேராகப் பிராசசருக்குப் போகிறது. டிரைவ் இருக்க வேண்டிய இடமும் அதுதான். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றச் சொன்னேன். போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வேலையில் இறங்கினான். கொஞ்ச நேரம் உலோகச் சத்தம். பிறகு மௌனம். பிறகு, மிகத் தாழ்ந்த குரலில்:

"மாமா, அந்தத் திருகாணி கீழே விழுந்துவிட்டது."